ஒரு ராத்திரியும் ஒரு நர்சிங் பள்ளியும்

கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊர் திண்டிவனம். சபைகளின் தொண்டு என்றால் பலருக்குக் கிறிஸ்துமஸ் சேலையும் அரிசிப் பையும் இலவசக் கண் முகாமும்தான் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது, 1890களில் எங்கள் ஊரில் கழிந்த ஒரு ராத்திரி.

அமெரிக்க ஆற்காடு மிஷனின் டாக்டர் ஜான் ஸ்கடர் அப்போது இங்கே இருந்தார். ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த அவருடைய மகள் ஐடா, உடம்பு முடியாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். அந்த ராத்திரி ஒரு பிராமணர் வந்தார். மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. அப்பாவை அழைத்துப்போகச் சொன்னார் ஐடா. ஆண் கை படக்கூடாது என்று அவர் திரும்பிப் போய்விட்டார். அடுத்து ஒரு முஸ்லிம், பிறகு இன்னொரு இந்து. அவர்களும் அதையே சொன்னார்கள். ஐடாவுக்கோ அன்று வைத்தியம் தெரியாது. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

'ஆம்பள டாக்டரா? வேணாம்மா' என்று வீட்டு வாசலிலேயே என்னைத் திருப்பி அனுப்பிய கணவன்மார்களும் மாமியார்களும் உண்டு. அதனால் அந்த மூன்று பேரையும் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. உதவி கேட்டு ராத்திரியில் ஓடி வந்தவர்கள்தானே.

பலரும் இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்குப் பிடித்ததே இதற்கு மேல்தான். அந்த ராத்திரிக்குப் பிறகு ஐடா அமெரிக்காவின் கார்னெலில் மருத்துவம் படித்து 1899இல் தேறினார். அடுத்த ஆண்டு வேலூரில், வீட்டிலேயே ஒரே ஒரு கட்டிலுடன் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1902இல் நாற்பது படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி வந்தது. தான் ஒருத்தி எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? 1909இல் செவிலியர் பயிற்சியை ஆரம்பித்தார். ஒரு பீஜோ காரில் மருந்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு குடியாத்தம் சாலையில் அங்கங்கே நிறுத்தி, மரத்தடியிலேயே வைத்தியம் பார்த்தார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிகம் என்றார்களாம். விண்ணப்பித்தவர்கள் 151 பேர்! அதுதான் இன்றைய சி.எம்.சி., வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி.

ஆற்காடு மிஷன் சீர்திருத்த சபையைச் சேர்ந்தது. மருத்துவத் தொண்டு என்ற இந்த வழியில் இன்னொரு கிறிஸ்தவ இயக்கமான மெதடிஸ்டுகள் முன்பே நடந்திருந்தார்கள். அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1746லேயே லண்டனில் ஏழைகளுக்கு இலவச மருந்தகம் திறந்தவர். அவர் வழி வந்தவர்கள் 1814இல் இலங்கைக்கும் 1817இல் சென்னைக்கும் வந்தார்கள். அமெரிக்க மெதடிஸ்ட் பெண்கள் காசு சேர்த்து அனுப்பிய டாக்டர் கிளாரா ஸ்வெயின் 1870இல் பரேலிக்கு வந்து சேர்ந்தார். ராம்பூர் நவாப் கொடுத்த இடத்தில் 1874இல் பெண்களுக்கென்று ஆஸ்பத்திரி எழுந்தது. கிறிஸ்தவப் பெண் மருத்துவருக்கு முஸ்லிம் நவாப் தந்த நிலம் அது.

1947 செப்டம்பர் 27 அன்று வெஸ்லி வழி மெதடிஸ்டுகளும், ஆற்காடு மிஷன் சபைகள் சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும், ஆங்கிலிக்கன்களும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். ஆற்காடு மிஷன் நட்ட சபைகளும் வெஸ்லி வழிச் சபைகளும் இன்று ஒரே குடும்பம்.

மிஷனரிகள் மதம் பரப்பவும் வந்தவர்கள்தான். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. மருந்தை வாங்கிக்கொண்டு பிரசங்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்களும் நம் ஊர்களில் ஏராளம். என் கணக்கில் மிஷனரிகள் செய்த பெரிய தொண்டு மருந்து கொடுத்தது அல்ல, நம் பெண்களுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது.

உங்கள் ஊர்ச் சபையோ கோயிலோ ஜமாத்தோ மருத்துவ முகாமுக்கு நன்கொடை கேட்டு வந்தால் தாராளமாகக் கொடுங்கள். கூடவே, இந்த வருஷம் எந்தப் பெண்பிள்ளைக்கு நர்சிங் ஃபீஸ் கட்டப்போகிறீர்கள் என்றும் கேளுங்கள்.