கணிப்பொறி கட்டும் சாரம்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, செங்கற்பட்டுப் பக்கம் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் என வழியெங்கும் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கும். சுற்றிலும் சவுக்குக் கழிகளையோ இரும்புக் குழாய்களையோ கட்டி நிறுத்தியிருப்பார்கள். கொத்தனார் ஏறி நின்று வேலை செய்வதற்கான சாரம் அது. கணிப்பொறியும் சாரம் கட்டும் என்றால் நம்புவீர்களா?

நீங்கள் ஓர் இணையதளம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்தில் என்ன தெரிய வேண்டும் என்பதற்கு ஒரு கோப்பு. நிறமும் எழுத்தளவும் எப்படி என்பதற்கு மற்றொன்று. பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு இன்னொன்று. எந்தத் தளமானாலும் இந்த ஆரம்ப வேலை ஏறக்குறைய ஒன்றுதான். திரும்பத் திரும்பச் செய்ய நமக்கு அலுப்பு. கணிப்பொறிக்கு அலுப்பே கிடையாது.

உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. கூடுவாஞ்சேரிக்கு அருகிலுள்ள ஜோஹோ நிறுவனம், 'கேட்டலிஸ்ட்' என்னும் தன் சேவைக்கு ஒரு கட்டளைக் கருவி தருகிறது. இதில் படமோ பொத்தானோ இல்லை. எழுத்தால்தான் பேச வேண்டும். 'கேட்டலிஸ்ட் இனிட்' என ஆங்கிலத்தில் தட்டினால் கேள்விகள் கேட்கும். எந்தத் திட்டம்? தளத்தின் முகப்பு வேண்டுமா, பின்னால் இயங்கும் நிரல் வேண்டுமா? எந்த மொழியில்? பதில் சொன்னதும் கோப்புகளைத் தானே எழுதி வைத்துவிடும். 'கேட்டலிஸ்ட் சர்வ்' என்றால் தளம் உங்கள் கணிப்பொறியிலேயே ஓடிக் காட்டும். 'கேட்டலிஸ்ட் டிப்ளாய்' என்றால் இணையத்துக்குப் போய்விடும்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. பள்ளி அலுவலகத்தில் சான்றிதழ்ப் படிவங்களை அச்சடித்து அடுக்கியிருப்பார்கள். பெயரையும் வகுப்பையும் மட்டும் நிரப்பித் தருவார்கள் அல்லவா? அதுபோல, முன்பே எழுதிய வார்ப்புகள் கருவிக்குள் இருக்கின்றன.

இத்தகைய கருவிகளுக்குப் புகழ் தேடித் தந்தது, டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைனமையர் ஹான்சன் 2004இல் வெளியிட்ட 'ரூபி ஆன் ரெயில்ஸ்'. அதிலுள்ள ஒரு கட்டளையின் பெயரே 'ஸ்கேஃபோல்ட்', அதாவது சாரம். மாணவர் பட்டியல் வேண்டும், அதில் பெயரும் வகுப்பும் இருக்க வேண்டும் என்று ஒரே வரியில் சொன்னால் போதும். சேர்க்க, திருத்த, நீக்க எல்லாப் பக்கங்களும் தயார்!

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வீடு முடிந்ததும் சாரத்தை அவிழ்த்துவிடுவார்கள். நிரலிலோ சாரமே சுவராக நின்றுவிடுகிறது. சாரத்தில் ஓட்டை இருந்தால் சுவரிலும் ஓட்டைதான்.

அப்படித்தான் ஆயிற்று. ரெயில்ஸின் பழைய சாரத்தில், படிவத்திலிருந்து வருவதையெல்லாம் அப்படியே பதிவேட்டில் ஏற்றும் ஒரு வரி இருந்தது. திரையில் பெயர், வகுப்பு என இரண்டே கட்டங்கள். பதிவேட்டில் 'நிர்வாகியா?' என்ற இடமும் இருந்து, ஒரு குறும்பர் 'ஆம்' என்று அதையும் சேர்த்து அனுப்பினால்? அதுவும் ஏறிவிடும்! 2012 மார்ச்சில் எகோர் ஹோமகோவ் என்னும் ரஷ்ய இளைஞர், ரெயில்ஸால் ஆன கிட்ஹப் தளத்தில் இதே வகை ஓட்டையைக் கண்டார். ரெயில்ஸின் மூல நிரலே அங்குதான் இருந்தது. அதிலேயே தம் கோப்பு ஒன்றைச் சேர்த்துக் காட்டினார். அவர் முன்பே எச்சரித்திருந்தார். உரியவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2013இல் வந்த ரெயில்ஸ் 4இல் சாரமே மாறியது. எவற்றை ஏற்கலாம் என்ற பட்டியல் ஒன்றையும் அது எழுதித் தருகிறது. அதில் நீங்கள் கேட்ட பெயரும் வகுப்பும் மட்டுமே இருக்கும். பிறகு 'தொலைபேசி' என ஒரு கட்டம் சேர்த்தால், பட்டியலிலும் நீங்களேதான் அதை எழுத வேண்டும். மறந்தால், எண்ணை நிரப்பி எத்தனை முறை அனுப்பினாலும் பதிவேட்டில் அந்த இடம் காலியாகவே கிடக்கும். பிழை என்று திரையில் ஒரு சொல்கூட வராது. புதிதாகப் பழகுகிறவர் அரைநாளைத் தொலைப்பது பெரும்பாலும் இங்கேதான்.