தென்னை ஏறுவோரும் விபத்தும்

கற்பிட்டி முதல் சிலாபம் வரையுள்ள கரையோரத் தோட்டங்களில் ஒருவர் இருமுறை தென்னையிலிருந்து விழுந்தால், அதனை அவருடைய இராசி என்பாருளர்.

1919ஆம் ஆண்டில் கிரீன்வுட், வுட்ஸ் என்போர் இங்கிலாந்தின் போர்த்தளவாடத் தொழிற்சாலைப் பெண்களை ஆராய்ந்து, ஒரு சிலருக்கே பல விபத்துக்கள் நேர்ந்தமையைக் கண்டனர். இயல்பாகவே விபத்துக்கு ஆட்படுவோர் உளர் என்னும் கருத்து இதனின்று வளர்ந்தது.

ஆயினும், நூறு குழிகளில் நூறு விதைகளைக் கண்மூடித் தூவினும் சிலவற்றில் இரண்டு மூன்று விழும், பல வெறுமையாயிருக்கும். இது தற்செயலே. அன்றியும், மிகுதியான மரங்களில் ஏறுபவருக்கு ஆபத்தும் மிகுதி.

ஆதலின், ஆளைப் பழிப்பதற்குமுன் தளைநாரின் தேய்வு, நனைந்த மரத்தின் வழுக்கல், ஏறுபவரின் களைப்பு ஆகியவற்றை ஆராய்தல் வேண்டும். தலைச்சுற்றோ வலிப்போ உடையவரை ஏற்றலாகாது. தேய்ந்த தளைநாரை அன்றே மாற்றுதல் வேண்டும்.