தானே அணைந்தெழும் திறன்பேசி

மனிதன் ஆக்கிய கருவிகளுள் திறன்பேசியைப் போல அவனோடு ஒட்டி வாழ்வது பிறிதொன்றில்லை எனலாம். அத்தகைய கருவி, ஏவுவாரின்றித் தானே அணைந்து தானே மீண்டெழுமாயின், எழுதிக்கொண்டிருந்த கட்டுரை மறையும். தூரதேசத்துப் பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்த தாயின் குரல் இடையிலே அறும். உடனே புதியதொன்றை வாங்க விரைவாரும், கருவியிலுள்ள யாவற்றையும் அழித்துவிடுவாரும் உளர். காரணம் அறியாது மருந்து கொடுத்தலை ஒப்பது இச்செயல். ஆதலின் இக்குறையின் காரணங்கள் யாவை, அவற்றைப் பகுத்தறியும் முறை யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் ஓர் உண்மையை உளங்கொள்ளல் வேண்டும். மீளத் தொடங்குதல் பெரும்பாலும் நோயன்று. கருவி தன்னைக் காத்துக்கொள்ளும் உபாயமாம். கருவியினுள்ளே காவற் கடிகை ஒன்று உண்டு. பணிசெயல் முறைமை குறித்த இடைவெளிதோறும் அதற்குத் தன் இருப்பை அறிவித்தல் வேண்டும். அறிவிப்பு வாராதவிடத்து, முறைமை செயலற்றதெனக் கொண்டு அக்கடிகை கருவியை மீளத் தொடங்குவிக்கும். மின்னழுத்தம் வேண்டிய அளவிற் குறையினும், வெப்பம் வரம்பு கடப்பினும் கருவி நின்றுவிடும்.

காரணங்களுள் தலையாயது மின்கலத்தின் முதுமை. இலிதியம் அயன் மின்கலம் முதிருந்தோறும் அதன் அகத்தடை பெருகும், குளிரிலும் அவ்வாறே. கருவி திடீரென 3 அம்பியர் மின்னோட்டத்தை வேண்டுகின்றது எனக் கொள்வோம். அகத்தடை 0.1 ஓம் ஆயின் மின்னழுத்த வீழ்ச்சி 0.3 உவோற்று, முதுமையால் அது 0.3 ஓம் ஆயின் வீழ்ச்சி 0.9 உவோற்று. 3.8 உவோற்றுக் கலம் அக்கணத்தில் 2.9 உவோற்றையே தரும். அது கருவிக்குப் போதாது. நூற்றுக்கு 30 பங்கு எஞ்சியுள்ளதெனத் திரை காட்டியும் கருவி அணைவதன் மருமம் இதுவே.

2016ஆம் ஆண்டில் ஐபோன் 6, 6எஸ் ஆகியன இவ்வாறு அணைவதாக முறைப்பாடுகள் எழுந்தன. அப்பிள் நிறுவனம் 2017 சனவரியில் வெளியிட்ட மென்பொருள், முதிர்ந்த கலமுள்ள கருவிகளின் வேகத்தைத் தாழ்த்தி அக்குறையைத் தணித்தது. அதனைப் பயனாளருக்குத் தெளிவாக உரைக்காமை பற்றிக் கண்டனம் எழவே, அந்நிறுவனம் 2017 திசெம்பரில் மன்னிப்புக் கோரி, கலமாற்றக் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைத்தது. எல்ஜி ஜி4 கருவியின் குறையோ வேறு. உறுப்புகளிடையே தொடர்பு தளர்ந்தமையே காரணமென அதனை ஆக்கியோர் 2016இல் ஒப்புக்கொண்டனர். குறி ஒன்றாயினும் காரணம் பல என்பது இவற்றாற் பெறப்படும்.

இனி, பகுத்தறியும் முறையைக் காண்பாம். ஒரு வேளையில் ஒரு நிலையை மாத்திரமே மாற்றி விளைவை நோக்குதல் அளவைநூலார் கண்ட நெறி. முதலில் உறையைக் கழற்றி, மின்விசைப் பொத்தான் அழுந்திக் கிடக்கின்றதா எனப் பார்க்க. பின்னர் மின்னேற்றியோடு இணைத்து வழங்குக. அப்பொழுது குறை நீங்கின் மின்கலமே குற்றமுடையதெனப் பெரிதும் துணியலாம். வெயிலிலும் நெடுநேர விளையாட்டிலும் மாத்திரம் அணையுமாயின் வெப்பமே காரணமாகலாம். அன்ட்ரொயிட் கருவிகளிலே, நாம் சேர்த்த செயலிகளை நிறுத்திவைத்து இயங்கும் பாதுகாப்பு நிலை ஒன்றுண்டு. அந்நிலையிற் குறை தோன்றாதாயின், அண்மையிற் சேர்த்த செயலியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தல் தகும். தோன்றுமாயின், முறைமையைப் புதுப்பித்துப் பார்க்க. அதுவும் பயன்படாதவிடத்தே, படங்களையும் எழுத்துகளையும் வேறிடத்திற் பிரதிசெய்து வைத்த பின்னர், கருவியைத் தொடக்க நிலைக்கு மீட்கலாம். அதன் பின்னும் குறை தொடருமாயின் அது வன்பொருளின் குற்றம். தேர்ந்த தொழிலாளரிடம் ஒப்புவித்தலே முறை.

ஓர் எச்சரிக்கை: கருவியின் முதுகு புடைத்திருப்பின் சோதனை யாதும் வேண்டா. உடனே அணைத்து, மின்னேற்றாது, அழுத்தாது, துளையாது தொழிலாளரிடம் சேர்த்தல் வேண்டும். வீங்கிய கலம் தீப்பற்றும் தன்மையது.

கலமொன்றை மாற்றினாற் பல்லாண்டு உழைக்கக்கூடிய கருவியைக் குப்பையில் எறிதல் பொருளுக்கும் இழப்பு, நிலத்துக்கும் கேடு. ஆராய்ந்து தெளிதல் ஆய்வுகூடத்தில் மாத்திரம் பயிலும் ஒழுக்கமன்று. கையிலுள்ள கருவியிடத்தும் பயிலற்பாலது.