தனியார் கிளை இணைப்பகம்

தனியார் கிளை இணைப்பகம் என்பது ஒரு நிறுவனத்தின் உள்ளே உள்ள தொலைபேசிகளை ஒன்றோடொன்றும், பொதுத் தொலைபேசி வலையமைப்போடும் இணைக்கும் கருவி அல்லது மென்பொருள் ஆகும். இது பி.பி.எக்ஸ் என்ற சுருக்கப் பெயரால் பரவலாக அறியப்படுகிறது. இந்திய அலுவலகங்களில் இ.பி.ஏ.பி.எக்ஸ் என்ற பெயரும் வழங்குகிறது. ஒவ்வொரு மேசைக்கும் தனி வெளியிணைப்பு பெறாமல், சில இணைப்புகளைப் பலர் பகிர்ந்துகொள்ள இது வழிசெய்வதால், சிறு நிறுவனங்களுக்குச் செலவு குறைகிறது.

வகைகள்

* மரபுவழி இணைப்பகம்: கட்டடத்திலேயே பொருத்தப்படும் கருவி. தொலைபேசிகள் செப்புக் கம்பிகளால் இதனுடன் இணைக்கப்படுகின்றன.
* இணைய நெறிமுறை இணைப்பகம்: குரல் எண்முறைத் தரவாக மாற்றப்பட்டு, கணினி வலையமைப்பின் வழியே செல்கிறது. லினக்ஸ் உதவிச் சேவை நிறுவனம் ஒன்றை நடத்திய மார்க் ஸ்பென்சர், இணைப்பகம் வாங்க வசதியின்றி, 1999 இல் ஆஸ்டெரிஸ்க் என்ற மென்பொருளைத் தாமே எழுதினார். இக்கட்டற்ற மென்பொருள் சாதாரணக் கணினியையும் இணைப்பகமாக்குகிறது.
* மேகக் கணிமை இணைப்பகம்: இணைப்பகம் சேவை வழங்குநரிடம் இயங்குகிறது. தொடக்கச் செலவு குறைவு. ஆனால் கட்டணம் பெரும்பாலும் பயனர் எண்ணிக்கைப்படி மாதந்தோறும் செலுத்தப்படுவதால், ஊழியர் பெருகப் பெருக அதுவும் உயரும்.

தேவைப்படும் இணைப்புகள்

டென்மார்க்கைச் சேர்ந்த கணிதவியலாளர் எர்லாங் 1917 இல் வெளியிட்ட வாய்பாடு இதனைக் கணிக்க உதவுகிறது. மிகுந்த நெரிசலுள்ள ஒரு மணி நேரத்தில் 20 அழைப்புகள் வருவதாகவும், ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம் நீடிப்பதாகவும் கொள்வோம். மொத்தப் பேச்சு 60 நிமிடம், அதாவது 1 எர்லாங் ஆகும். ஓர் இணைப்பே போதும் என்று தோன்றலாம். ஆனால் அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வருவதில்லை. இணைப்பு கிடைக்காமல் போகும் அழைப்புகளின் விழுக்காடு பின்வருமாறு:

* 1 இணைப்பு - 50
* 2 இணைப்புகள் - 20
* 3 இணைப்புகள் - 6.3
* 4 இணைப்புகள் - 1.5
* 5 இணைப்புகள் - 0.3

எனவே இந்நிறுவனத்திற்கு 4 இணைப்புகள் போதுமானவை. ஐந்தாவதால் கிடைக்கும் கூடுதல் பயன் மிகச் சிறிது.

மின்தடையும் முறைகேடும்

பழைய செப்புக் கம்பித் தொலைபேசிகள் தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் பெற்றதால், மின்தடையின்போதும் இயங்கின. இணைய நெறிமுறைத் தொலைபேசிகளுக்கும் அவற்றை இணைக்கும் திசைவிக்கும் தடையில்லா மின்வழங்கி தேவை. கடவுச்சொல் வலுவற்றதாயின், அயலார் உட்புகுந்து வெளிநாட்டு அழைப்புகளை மேற்கொள்ள இயலும். அதற்கான கட்டணம் நிறுவனத்தின் தலையில் விழக்கூடும். தேவையற்ற இணைப்புகளில் வெளிநாட்டு அழைப்பு வசதியை முடக்கி வைப்பது நன்று.

அவசர அழைப்புகள்

பல இணைப்பகங்களில் வெளியே அழைக்க முதலில் 9 அல்லது 0 அழுத்த வேண்டும். 2013 இல் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில், ஒரு விடுதி அறையில் தாய் தாக்கப்பட்டபோது, அவரது 9 வயது மகள் 911 என்ற அவசர எண்ணை 4 முறை அழைத்தார். முன்னெண் அழுத்தாததால் ஓர் அழைப்பும் வெளியே செல்லவில்லை. தாய் உயிரிழந்தார். இதன் விளைவாக 2018 இல் கேரி சட்டம் அங்கு இயற்றப்பட்டது. 2020 பெப்ரவரி 16 க்குப் பின் நிறுவப்படும் இணைப்பகங்களில், முன்னெண் இன்றி 911 ஐ அழைக்க இயல வேண்டும் என அது விதிக்கிறது. எந்நாட்டில் இணைப்பகம் நிறுவினாலும், அந்நாட்டின் அவசர எண்ணை முன்னெண் இன்றி அழைக்க முடிகிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுதல் இன்றியமையாதது.