அலையும் காற்றும் ஒரே மேடையில்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு இரவு வேலைக்குச் செல்லும் தொழிலாளிக்குக் கடல் வெகு தொலைவு. ஆயினும், அவருடைய கூலிக்கும் கடலுக்கும் உறவு ஏற்படும் காலம் வரக்கூடும். 2012ஆம் ஆண்டில் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டு, ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துச் சிறு பட்டறைகளையும் விட்டுவைக்கவில்லை. மின்சாரம் நின்றால் இயந்திரம் நிற்கும். இயந்திரம் நின்றால் கூலி குறையும்.

கடலிலிருந்து மின்சாரம் எடுக்கும் முயற்சி நமக்குப் புதிதன்று. சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்கள் 1991இல் கேரளத்து விழிஞ்ஞத்தில் 150 கிலோவாட் திறனுள்ள அலைமின் நிலையத்தை இயக்கினர். கான்கிரீட் அறையினுள் அலை ஏறும்போது, மேலுள்ள காற்று நெருக்குண்டு சுழலியைச் சுழற்றும். அலை இறங்கும்போது வெளிக்காற்று உட்புகுந்து அதே திசையில் மீண்டும் சுழற்றும். அந்நிலையம் இன்று இல்லை. 2022 நவம்பரில் அதே நிறுவனத்தார் தூத்துக்குடிக்கு அப்பால் 6 கிலோமீட்டர் தொலைவில் ‘சிந்துஜா-1’ என்னும் மிதவையைச் சோதித்தனர். அது தந்தது 100 வாட் மட்டுமே.

காற்றாலையோ விரைந்து வளர்ந்தது. விழிஞ்ஞம் இயங்கிய அதே 1991இல் டென்மார்க்கின் விண்டெபியில் 11 காற்றாலைகள் கடலில் எழுந்தன. ஆழ்கடலில் தூண் ஊன்றுவது அரிது. ஆதலால் மிதக்கும் மேடையைச் சங்கிலிகளால் கடலடியோடு பிணைக்கின்றனர். 2017இல் ஸ்காட்லாந்துக் கடலில் இவ்வாறு மிதக்கும் 5 காற்றாலைகள், 30 மெகாவாட் திறனுடன் இயங்கத் தொடங்கின.

இவ்விரு ஆற்றல்களையும் ஒரே மேடையில் இணைத்தால் என்ன? டென்மார்க்கின் ‘பொசைடன்’ மேடை இதனைச் சோதித்துக் காட்டியது. ஒரே நங்கூரம், ஒரே மின்வடம், ஒரே பழுதுபார்க்கும் படகு எனச் செலவு பகிரப்படுகிறது. காற்று ஓய்ந்த பின்னும் அலை சிறிது நேரம் உருண்டு வருமாதலால், மின்சாரம் திடீரென அறுபடாது. எனினும் நம் கடலில் தென்மேற்குப் பருவத்திலேயே இரண்டும் ஓங்குகின்றன. ஆகவே ஆண்டு முழுவதற்கும் இது ஈடு செய்யாது. உப்பரிப்பும் புயலும் தீராத இடர்கள்.

2024 ஜூனில் மத்திய அமைச்சரவை, கடற்காற்றாலைகளுக்கென 7,453 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. அதில் தமிழகக் கரைக்கு 500 மெகாவாட். மன்னார் வளைகுடாவை நம்பி வாழும் மீனவக் குடும்பங்களுக்கு அக்கடலே வயல். அவர்களுடைய வலைக்கு வழிவிட்டு, அவர்களைக் கலந்து இடத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். மேட்டுநிலத்துப் பட்டறையில் விளக்கெரிய, கரையோரத்துக் குடிசையில் அடுப்பணைதல் முறையாகுமா?