பாட்டிக்குக் கேட்டது வீடு, தம்பி சொன்னது வேறு

தீபாவளிக்கு முந்திய வாரம், சிராங்கூன் சாலை ஒளியூட்டைப் பார்த்துவிட்டுத் தேக்கா நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். பாட்டி, நான், பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் என் 17 வயதுத் தம்பி. விடுமுறையில் நண்பர்களோடு பேங்காக் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்.

“அக்கா, நீ கனடாவுல படிச்சப்போ அங்க வீட் எல்லாம் சட்டப்படி சரிதானே? தாய்லாந்துலயும் கடையிலயே விக்கிறாங்களாம். இங்க மட்டும் ஏன் இப்படிப் பயமுறுத்துறாங்க?”

பாட்டியின் காதில் விழுந்தது ‘வீடு’. “கனடாவுல வீடு வாங்கப் போறீங்களா?” என்றார். நாங்கள் சிரித்தோம். தம்பி தயங்கித் தயங்கி, “வீடு இல்ல பாட்டி, கஞ்சா” என்றான். பாட்டி தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் சிரிப்பும் நின்றுவிட்டது.

அன்றிரவு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் சொன்னபோது அது ஒரு பயணத் தகவல். தமிழில் சொன்னபோது அது குடும்பத்துக்கே வந்த ஆபத்து. பொருள் ஒன்றுதான். இருமொழியில் படித்து வளர்ந்த நம்மில் பலர், கனமான விஷயங்களை ஆங்கிலத்தில் சொல்லி இலேசாக்கிக்கொள்கிறோம். அதனால் வீட்டுப் பெரியவர்களிடம் அவற்றைப் பற்றிப் பேச நமக்கு மொழியே இல்லாமல் போய்விடுகிறது.

கப்பலேறிய சொல்

‘கஞ்சா’ என்ற சொல்லுக்கு நம் மக்களின் வரலாற்றோடு நெருங்கிய தொடர்பு உண்டு. 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களோடு அந்தச் செடியும் சொல்லும் போயின. இன்றுவரை ஜமைக்கா மக்கள் அதைக் ‘கஞ்சா’ என்றே அழைக்கிறார்கள். மலாய் மொழியிலும் அதே சொல்தான்.

சிங்கப்பூரின் கதையும் அதிலிருந்து அதிகம் விலகியதில்லை. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் அபின், சாராயம், கள் போன்றவற்றோடு பாங்கு விற்கும் உரிமையும் குத்தகைக்கு விடப்பட்டது. அந்தக் குத்தகைப் பணம் அரசாங்கத்துக்கு வருமானம். தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்கள் உடல்வலியையும் களைப்பையும் மறக்கக் கஞ்சா புகைத்தார்கள். 1870ல் நீரிணைக் குடியேற்றங்களில் அது தடைசெய்யப்பட்டது.

இந்தியாவிலும் ஒரே நேர்க்கோட்டில் எதுவும் நடக்கவில்லை. 1893-94ல் ஆங்கிலேய அரசாங்கம் அமைத்த ஆணையம், கஞ்சாவை முழுமையாகத் தடைசெய்ய வேண்டியதில்லை என்றது. 1985ல் வந்த போதைப்பொருள் சட்டம் கஞ்சாவின் பூ மொட்டையும் பிசினையும் தடைசெய்தது. ஆனால், இலையைத் தனியாக எடுத்தால் அது அந்தச் சட்டத்தின் விளக்கத்துக்குள் வராது. அதனால்தான் இலையிலிருந்து செய்யும் பாங்கை இன்றும் சில வட மாநிலங்களில் உரிமம் பெற்ற கடைகள் விற்கின்றன.

முன்னும் பின்னுமாக

“உலகமே மாறிடுச்சு அக்கா” என்றான் தம்பி. பாதி உண்மை.

2012 நவம்பரில் அமெரிக்காவின் கொலராடோ, வாஷிங்டன் மாநிலங்களின் மக்கள் கஞ்சாவை அனுமதிக்க வாக்களித்தார்கள். 2013 டிசம்பரில் உருகுவே, நாடு முழுவதற்கும் சட்டம் கொண்டுவந்த முதல் நாடானது. கனடா 2018 அக்டோபர் 17 முதல் அனுமதித்தது. ஜெர்மனி 2024 ஏப்ரல் 1 முதல் பெரியவர்கள் பொது இடத்தில் 25 கிராம் வரை வைத்திருக்கலாம் என்றது.

தம்பி சொன்ன தாய்லாந்து வேறு விதம். 2022 ஜூன் 9ஆம் தேதி கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. பேங்காக் தெருக்களில் பச்சை இலைப் பலகைகள் வைத்த கடைகள் பெருகின. மூன்றே ஆண்டில், 2025 ஜூன் இறுதியில், மருத்துவர் எழுதித் தந்த சீட்டு இருந்தால்தான் வாங்க முடியும் என்று விதி மாறியது. தம்பி கேள்விப்பட்டது பழைய செய்தி.

எங்கே புகைப்பது?

கடந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பருவம் நான் டொரோன்டோவில் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் படித்தேன். ஒன்டாரியோ மாநிலத்தில் 19 வயது ஆனவர் கஞ்சா வாங்கலாம். பெரும்பாலும் சிகரெட் புகைக்க அனுமதி உள்ள இடத்தில் கஞ்சாவும் புகைக்கலாம். சட்டம் அனுமதித்துவிட்டால் வாக்குவாதம் ஓய்ந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே போனபிறகுதான் தெரிந்தது, அடுத்த வாக்குவாதம் அப்போதுதான் தொடங்குகிறது என்று.

ஸ்கார்பரோவில் என் தோழியின் வீடு ஓர் உயர்மாடிக் கட்டடத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். கீழ்மாடி பால்கனியில் யாராவது கஞ்சா புகைத்தால் வாடை நேராக இவர்கள் வரவேற்பறைக்கு வந்துவிடும். பனிக்காலத்திலும் சற்றுக் காற்று வேண்டும் என்று சன்னலைத் திறந்து வைக்கும் அம்மம்மா, வாடை வந்ததும் “பிள்ளை, உந்த யன்னலைச் சாத்து, மணம் தாங்கேலாது” என்பார். கீழே புகைப்பவர் சட்டத்தை மீறவில்லை. அம்மம்மா கேட்டதும் நியாயம்தான். இருவருக்கும் நடுவில் இருந்தது சட்டம் எட்டாத இடம். அங்கே பண்புதான் வேலை செய்ய வேண்டும்.

அனுமதித்த நாடுகள் எல்லாமே இந்தச் சிக்கலைச் சந்தித்திருக்கின்றன. ஜெர்மனியில் சிறுவர்கள் பக்கத்தில் இருக்கும்போது புகைக்கக்கூடாது. பாதசாரிகளுக்கான தெருக்களில் காலை 7 மணி முதல் இரவு 8 மணி வரை தடை. கஞ்சா விற்கும் காப்பிக் கடைகளுக்குப் பேர்போன ஆம்ஸ்டர்டாம், குடியிருப்பாளர்களின் புகார்களுக்குப் பிறகு 2023 மே மாதம் நகரின் பழைய மையப் பகுதித் தெருக்களில் கஞ்சா புகைப்பதைத் தடைசெய்தது. சிறிய அளவு வைத்திருப்பதை 2015ல் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கிய ஜமைக்காவிலும் பொது இடத்தில் புகைப்பதற்குத் தடை உண்டு. தாய்லாந்து கடைகளைத் திறந்துவிட்ட காலத்திலேயே, பொது இடத்தில் புகையால் பிறருக்குத் தொல்லை கொடுத்தால் 25,000 பாட் வரை அபராதம் என்று வைத்திருந்தது.

இந்த வாக்குவாதம் சிங்கப்பூரர்களுக்குப் புதிதல்ல. கஞ்சாவுக்குப் பதில் சிகரெட்டை வைத்துப் பாருங்கள். 1970லேயே பேருந்துகளிலும் திரையரங்குகளிலும் புகைபிடிப்பது தடைசெய்யப்பட்டது. 2013 ஜனவரியில் தடை புளோக்குகளின் கீழ்த்தளம், படிக்கட்டு, தாழ்வாரம், மேற்கூரையுள்ள நடைபாதை ஆகியவற்றுக்கு விரிந்தது. 2019 முதல் ஆர்ச்சர்ட் சாலை வட்டாரத்தில் ஒதுக்கப்பட்ட இடங்களில் மட்டுமே புகைக்கலாம். சிகரெட் வாங்கும் வயது 2021ல் 21 ஆனது. மதுவுக்கும் அப்படித்தான். 2015 முதல் லிட்டில் இந்தியா மதுக் கட்டுப்பாட்டு வட்டாரமாக இருக்கிறது. சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை அங்கே பொது இடத்தில் குடிக்க முடியாது.

இத்தனை விதிகளுக்குப் பிறகும் மிஞ்சியிருப்பது சன்னல். சொந்த வீட்டுச் சன்னலோரம் நின்று புகைப்பதைத் தடுக்கலாமா என்று 2020ல் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. வீட்டுக்குள் அரசாங்கம் தலையிடுவதாகிவிடும் என்று அந்த யோசனை ஏற்கப்படவில்லை. எங்கள் புளோக்கில் கீழ்மாடி அங்கிளின் சிகரெட் புகை பாட்டியின் அறைக்குள் வரும். ஒருநாள் அம்மா மின்தூக்கியில் அவரைப் பார்த்து, “அங்கிள், அம்மாவுக்கு மூச்சு இழுக்குது” என்றார். அதற்குப் பிறகு அவர் இரவில் கீழே இறங்கிப் போய்ப் புகைக்கிறார். ஸ்கார்பரோ அம்மம்மாவுக்கும் எங்கள் பாட்டிக்கும் சிக்கல் ஒன்றுதான். இங்கே ஒருவர் வாய்திறந்து கேட்டார், இன்னொருவர் காதுகொடுத்தார்.

கைமாற்றினால் கடத்தல்

இனி தம்பிக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பகுதி.

டொரோன்டோவில் ஒரு பிறந்தநாள் விருந்தில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். சுருட்டிய கஞ்சா ஒவ்வொருவர் கையாக நகர்ந்து வந்தது. ஓர் இழுப்பு, பிறகு பக்கத்தில் இருப்பவருக்கு. அந்த வட்டத்தில் பகிர்ந்துகொள்வதுதான் மரியாதை, தனக்கென்று வைத்துக்கொள்வதுதான் நாகரிகமில்லாத செயல்.

சிங்கப்பூர்ச் சட்டத்தில் அந்த மரியாதைக்கு வேறு பெயர். 1973ஆம் ஆண்டின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில் ‘கடத்தல்’ என்பது விற்பதை மட்டும் குறிக்கவில்லை. காசு வாங்காமல் கொடுப்பதும் கடத்தல்தான். எவ்வளவு சிறிய அளவாக இருந்தாலும் கஞ்சாவைக் கடத்தினால் குறைந்தது 5 ஆண்டுச் சிறையும் 5 பிரம்படியும். 500 கிராமைத் தாண்டினால் மரண தண்டனை வரை போகும்.

நம்மில் பலருக்குத் தெரியாதது இன்னொன்று உண்டு. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும் இங்கே உட்கொண்டதாகவே கருதப்படும். 10 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அங்கே கடைக்காரர் ரசீது தந்தார் என்பது இங்கே பதிலாகாது.

சுருட்டு என் முறைக்கு வந்தபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எனக்கு ஆஸ்துமா.” எனக்கு ஆஸ்துமா கிடையாது. வேண்டாம் என்று நேராகச் சொல்லக் கூச்சம், என்ன நினைப்பார்களோ என்ற பயம். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. தோழி அதை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டாள். வீடு திரும்பும் வழியில், “வேண்டாம் எண்டா வேண்டாம்தான். பொய் எதுக்கு?” என்றாள்.

விவாதமும் விதியும்

சிங்கப்பூரின் அணுகுமுறையை எல்லாரும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. 2023 ஏப்ரலில், சுமார் ஒரு கிலோ கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்ட 46 வயது தமிழர் ஒருவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் அதை நிறுத்தக் கேட்டுக்கொண்டது. குற்றம் ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்பட்டது என்றும், கடுமையான தண்டனைதான் கடத்தல்காரர்களைத் தூரத்தில் நிறுத்துகிறது என்றும் அரசாங்கம் பதிலளித்தது. போதைப்பொருளால் பாதிக்கப்பட்டவர்களையும் அவர்களின் குடும்பங்களையும் நினைவுகூரும் நாளை 2024 மே மாதம் முதன்முறையாக அனுசரித்தது. இதைப் பற்றிப் படிக்கவும் வாதாடவும் மாணவர்களுக்கு இடம் இருக்க வேண்டும். ஆனால், ஒருநாள் மாறக்கூடும் என்று நாம் நினைக்கும் சட்டம், இன்று விமான நிலையத்தில் நிற்கும் தம்பியைக் காப்பாற்றாது.

உடல்நலத்தையும் சட்டத்தோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. ஓர் அரசாங்கம் அனுமதித்துவிட்டதால் பொருள் பாதுகாப்பானதாகிவிடாது. மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்கிறது. பதின்ம வயதில் தொடர்ந்து கஞ்சா புகைப்பது நினைவாற்றலையும் கவனத்தையும் பாதிக்கும், மனநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும். கஞ்சாவை அனுமதித்த கனடாவே இந்த எச்சரிக்கையைப் பொட்டலத்தின்மேல் அச்சிட்டு விற்கிறது.

தம்பியின் வயதினருக்குப் பேங்காக்கைவிட அருகில் உள்ள ஆபத்தும் உண்டு. மின்சிகரெட்டை வைத்திருப்பதே இங்கே 2018 முதல் குற்றம். எட்டோமிடேட் என்ற மயக்கமருந்து கலந்த ‘கேபாட்’ வந்தபிறகு, 2025 செப்டம்பர் 1 முதல் அந்த மருந்தும் போதைப்பொருள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. “ஒரு இழுப்புதான்” என்று நீட்டப்படும் குழலுக்குள் என்ன இருக்கிறது என்று நீட்டுபவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

மீண்டும் தேக்காவில்

இதில் பாதியைத்தான் அன்று மேசையில் சொல்ல முடிந்தது. தம்பி கேலி செய்யாமல் கேட்டான். கடைசியில், “அப்போ அங்க யாராச்சும் நீட்டினா நான் என்ன சொல்றது?” என்றான்.

“வேணாம்னு சொல்லு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். எனக்கே அதைச் சொல்ல வரல. ஆஸ்துமான்னு பொய் சொன்னேன்.”

அதுவரை பேசாமல் இருந்த பாட்டி என்னைப் பார்த்தார். “இதெல்லாம் நடந்து இவ்வளவு நாளாச்சு. ஏன் எங்கிட்ட சொல்லல?”

பயந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன் என்றேன்.

“பயந்திருப்பேன்தான்” என்றார் பாட்டி. ஆறிப்போன தேநீரைத் தள்ளி வைத்துவிட்டுத் தம்பியை இன்னொன்று வாங்கிவரச் சொன்னார். “அதுக்காகச் சொல்லாம இருப்பியா? இனிமே இப்படி ஏதாச்சும் இருந்தா தமிழ்லயே சொல்லுங்க. எனக்கும் புரியணும்ல.”