தண்டனையும் திருத்தமும்

'அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டார்' என்பது பழமொழி. பிழை செய்தவரை அடித்தால் திருந்திவிடுவார் என்னும் நம்பிக்கை நம் நாட்டில் நெடுங்காலம் நிலவிவந்தது. ஆயினும், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில், பள்ளிக் குழந்தைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்தது. அவ்வாறாயின், பிழை செய்தவரைத் திருத்துவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு ஒரு விடையாக அமைவது 'சீரமைப்பு நெறி' ஆகும்.

தண்டனை முறை, "எந்த விதி மீறப்பட்டது? மீறியவர் யார்? அவருக்கு என்ன தண்டனை?" என்று வினவுகிறது. சீரமைப்பு நெறியோ, "துன்புற்றவர் யார்? அவருக்கு இப்போது தேவையானது என்ன? அதனைச் செய்யவேண்டியவர் யார்?" என்று வினவுகிறது. முன்னதில் துன்புற்றவரை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பின்னதில் அவருக்கே முதலிடம்.

இந்நெறி பரவுவதற்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்று கனடா நாட்டில் நடந்தது. 1974ஆம் ஆண்டு, ஒன்ராறியோ மாகாணத்தின் எல்மைரா என்னும் சிற்றூரில், இளைஞர் இருவர் மது மயக்கத்தில் ஒரே இரவில் 22 பேரின் உடைமைகளைச் சேதப்படுத்தினர். சன்னல்களை உடைத்தனர், வண்டிச் சக்கரங்களைக் கிழித்தனர். நன்னடத்தை அலுவலர் ஒருவர் நீதிபதியிடம் புதிய வழியொன்றை எடுத்துரைத்தார். அதன்படி அவ்விளைஞர்கள் வீடு வீடாகச் சென்று, தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, இழப்பைக் கேட்டறிந்தனர். பின்னர்ச் சில திங்களில் அதற்கு ஈடு செலுத்தினர். இருபது ஆண்டுகளுக்குப் பின், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலப் பள்ளி ஒன்றிலும் இம்முறை கையாளப்பட்டது.

வகுப்பறையில் இது எவ்வாறு நிகழும்? வேற்று மாநிலத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி இந்திப் பாடத்தை உரக்க வாசிக்கிறாள் எனக் கொள்வோம். அவளது உச்சரிப்பை ஒரு மாணவன் கேலி செய்கிறான், வகுப்பே சிரிக்கிறது. அவனை வெளியே நிற்கவைத்தால் அவனுக்குக் கால் வலிக்கும்; சினமும் மிகும். அவளது அச்சமோ அப்படியே இருக்கும்.

மாறாக, ஆசிரியர் இருவரையும் தனியே அழைத்து, அவர்களின் இசைவோடு உரையாடச் செய்கிறார். "அன்றுமுதல் என் முறை வரும்போதெல்லாம் தொண்டை அடைத்துக்கொள்கிறது" என்கிறாள் அவள். தன் விளையாட்டுப் பேச்சின் விளைவை அவன் அப்போதுதான் அறிகிறான். "நான் வாசிக்கும்போது இனி யார் சிரித்தாலும் நீதான் தடுக்கவேண்டும்" என்று அவள் கேட்கிறாள், அவனும் உடன்படுகிறான். வாக்கு நிறைவேறியதா என்பதை ஆசிரியர் சில நாள் கழித்து மீண்டும் கேட்டறிகிறார்.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. மன்னிக்குமாறு துன்புற்றவரை வற்புறுத்துதல் கூடாது. மன்னிப்பது அவரது உரிமை. பிழை செய்தவருக்கும் இஃது எளிய வழியன்று. அடி வாங்கிய வலி சிறிது நேரத்தில் ஆறிவிடும்; தன்னால் கலங்கிய கண்களை நேருக்குநேர் நோக்குவதற்கே மிகுந்த துணிவு வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
நெறி – வழி
ஈடு – இழப்புக்கு நிகராகத் தருவது
இசைவு – சம்மதம்

சிந்தித்து எழுதுக
1. இரு முறைகளும் எழுப்பும் வினாக்களை ஒப்பிடுக.
2. வகுப்பில் சிரித்த மற்ற மாணவர்களின் பொறுப்பு யாது?